குதிரையும் சேணமும்: கிட்டாரில் இரண்டு சின்னத் துண்டுகள்

கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்றே மாதத்தில் விட்டவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? என் வகுப்பில் மட்டும் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஏன் விட்டாய் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "விரல் வலிக்குதுடா, F கார்டு வரவே மாட்டேங்குது." நமக்குத் திறமை இல்லை என்று அவர்களே முடிவு கட்டி, கிட்டாரை பீரோ மேலே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு பேர் விஷயத்தில் தப்பு விரலில் இல்லை, கிட்டாரில்தான் என்பது என் சந்தேகம். இன்னும் குறிப்பாகச் சொன்னால், அதிலிருக்கிற இரண்டு சின்னத் துண்டுகளில்.

ஒன்று நட். தலைப்பகுதியும் விரல் பலகையும் சேரும் இடத்தில் ஆறு பள்ளங்களோடு குறுக்கே இருக்கும் வெள்ளைக் கட்டை. இன்னொன்று சேடில். உடம்பில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பட்டை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கம்பி அதிர்கிறது. வீணையில் பிரிட்ஜை நம் ஊரில் 'குதிரை' என்பார்கள். ஆங்கிலத்தில் சேடில் என்றால் சேணம். ஆக, கிட்டாரில் குதிரை மேல் சேணம்! யார் யோசித்து வைத்த பெயரோ, எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது :)

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரியப்பா மகன் அண்ணன் வேலைக்கு வெளிநாடு போகும்போது அவனுடைய கிட்டாரை என் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்கு சர்ச் பாட்டுக் குழுவில் கிறிஸ்துமஸுக்குள் வாசித்துவிட வேண்டும் என்று ஆசை. இரண்டு மாதம் முக்கினாள். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். "எனக்கு இது வராதுண்ணே, விட்டுரு" என்றாள். கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கையில் வாங்கி அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "நெக்கு போயிருச்சு தம்பி, புதுசு வாங்கிருங்க, எட்டாயிரத்து ஐநூறுக்கு நல்லதா இருக்கு" என்றார். ஒரு ஸ்கேல் வைத்துக்கூட அளக்கவில்லை.

நான் படிப்பது பி.காம். அளக்காமல் ஒரு சொத்தைத் தள்ளுபடி செய்ய மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அளந்தேன். முதலில் நெக். முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவது ஃபிரெட்டிலும் தடித்த கம்பியை அழுத்திப் பிடித்தால் அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு ஆகிவிடும். நடுவில், ஏழாவது ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நெக் சரி என்று அர்த்தம். இதில் அப்படித்தான் இருந்தது. "போன" நெக் எங்கும் போகவில்லை.

அடுத்து நட். இரண்டாவது ஃபிரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கம்பியை அழுத்திவிட்டு முதல் ஃபிரெட்டின் மேல் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்கலாம். இங்கோ ஒரு ஏ.டி.எம். கார்டையே நுழைக்கலாம் போல இருந்தது. ஆறில் ஐந்து பள்ளங்கள் இப்படி. இரண்டாவது கம்பியின் பள்ளம் மட்டும் தேய்ந்து இறங்கி, சும்மா மீட்டினாலே முதல் ஃபிரெட்டில் இடித்து இரைந்தது. F கார்டு முதல் ஃபிரெட்டில்தானே வருகிறது? அதாவது என் தங்கச்சி இரண்டு மாதமாக நட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

இதில் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. நட்டின் பள்ளம் உயரமாக இருந்தால் பின்னால் யாராவது ராவி இறக்கிக்கொள்ளலாம். இறங்கிவிட்டால் ஏற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதனால் விலை மலிவான கிட்டார் செய்கிறவர்கள் பெரும்பாலும் உயரமாகவே விட்டுவிடுகிறார்கள், கடையில் சரிசெய்து கொடுப்பார்கள் என்ற கணக்கில். கடைக்காரர், வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறார். வாங்குகிறவனுக்கு நட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் அரைமணி நேர வேலைக்கான செலவு முழுவதும் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் விரல் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

இரண்டையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். பழையவை இரண்டும் பிளாஸ்டிக், நட்டின் அடிப்பக்கம் கூடு மாதிரி பொள்ளல். ஒரு காலத்தில் விலையுயர்ந்த கிட்டார்களில் யானைத் தந்தம் போட்டார்கள். 1989-ல் சர்வதேசத் தந்த வணிகத்துக்குத் தடை முடிவானது. இன்று மாட்டெலும்பு, இல்லாவிட்டால் டஸ்க் மாதிரி செயற்கைப் பொருள். நான் எலும்பு வாங்கினேன். மொட்டைக் கட்டை இரண்டும் சேர்த்து 450 ரூபாய்.

சேடிலை எடுப்பது சுலபம். கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றிவிட்டு, ஓரத்தைக் குறடால் பிடித்து நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, ஒட்டவும் கூடாது. நட் அப்படி இல்லை. ஒரு சொட்டுப் பசையில் நிற்கும். சுற்றிலும் இருக்கும் வார்னிஷை முதலில் பிளேடால் கீறிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் சேர்ந்து உரிந்து வரும். பிறகு விரல் பலகைப் பக்கம் ஒரு மரத்துண்டை வைத்து, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் 'டக்' என்று கழன்றுவிடும்.

புதிய நட்டின் அடியைச் சமமாக்க, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து அதன்மேல் தேய்த்தேன். எலும்புத் தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் கட்டாயம். வாசனை பல் டாக்டர் ரூமில் பல்லைக் குடையும்போது வருமே, அதேதான். அம்மா, "வீட்டுக்குள்ள வச்சு எலும்பை ராவாதல" என்று விரட்டிவிட்டாள். மிச்ச வேலை மொட்டை மாடியில்.

பள்ளம் போடுவதுதான் நிதானம் வேண்டிய இடம். பழைய நட்டை அருகில் வைத்து இடைவெளிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இதற்கென்றே விற்கும் அரங்கள் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நான் ஹார்ட்வேர் கடையில் வெல்டிங் நாசில் சுத்தம் செய்யும் கம்பிக் கொத்தை 120 ரூபாய்க்கு வாங்கினேன். சொரசொரப்பான மெல்லிய கம்பிகள், பல தடிமனில். நான் போட்ட கம்பி செட்டில் மெல்லியது 0.012 அங்குலம், தடித்தது 0.053 அங்குலம். ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட அதே தடிமனில் பள்ளம் வேண்டும். கம்பி பாதி உள்ளே, பாதி வெளியே தெரிந்தால் போதும். இரண்டு இழுப்பு இழு, கம்பியைப் போட்டுப் பார், மறுபடி இரண்டு இழுப்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது.

பள்ளத்தின் தரை தலைப்பகுதியை நோக்கிச் சரிவாக இறங்க வேண்டும். விரல் பலகைப் பக்க விளிம்பில்தான் கம்பி கடைசியாகத் தொட வேண்டும். அந்த விளிம்பு தழைந்திருந்தால் கம்பி அதன்மேல் உரசி 'ஙொய்ங்' என்று சிதார் மாதிரி இரையும். தம்புராவில் இந்த இரைச்சலை வரவழைக்கவே குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் 'ஜீவா' என்று நூல் வைக்கிறார்கள். அங்கே உயிர், இங்கே கோளாறு! இடம் மாறினால் மதிப்பும் மாறுகிறது.

நட் முடிந்தபின் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்தேன். தடித்த கம்பி 3.5 மில்லிமீட்டர், மெல்லியது 2.8. எனக்கு வேண்டியது சுமார் 2.5, 1.8. இரண்டிலும் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதி. ஆகவே அங்கே ஒரு மில்லி இறங்க, சேடிலில் இரண்டு மில்லி இறங்க வேண்டும். புதுச் சேடிலின் மேல் வளைவைப் பழையதை வைத்து வரைந்து ராவினேன். உயரத்தை அடிப்பக்கத்தில்தான் குறைக்க வேண்டும். அடி தட்டையாக இல்லாவிட்டால் சத்தம் உடம்புக்குச் சரியாக இறங்காது. சேடிலுக்கு அடியில் பிக்கப் இருக்கும் கிட்டாரில் ஒரு கம்பி சத்தமாகவும் பக்கத்துக் கம்பி ஊமையாகவும் கேட்கும். காடியில் கையால் அழுத்தினால் உட்கார வேண்டும், ஆடக்கூடாது. அவ்வளவுதான்.

பராமரிப்புக்கு மூன்றே விஷயம். கம்பி மாற்றும்போதெல்லாம் நட்டின் பள்ளங்களைத் துடைத்து, மெல்லிய பென்சில் முனையால் ஒரு கோடு இழுங்கள். சுதி சேர்க்கும்போது 'டிக் டிக்' என்று கேட்டால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம், பென்சில் கரி அதைச் சரிசெய்யும். இரண்டாவது, பள்ளம் அதிகமாக இறங்கிவிட்டால் அதில் ஆப்ப சோடாவை நிரப்பி ஒரு துளி ஃபெவிகுவிக் விட்டு, இறுகியதும் மறுபடி ராவலாம். இது தற்காலிக வைத்தியம்தான். மூன்றாவது, எங்களைப் போலக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு. ஈரக்காற்றில் மேல்பலகை உப்பிக் குதிரையையும் சேர்த்துத் தூக்கும், கம்பி உயரும். நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் நேர்மாறு. அதனால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அளந்து பாருங்கள், உடனே அரத்தைத் தூக்காதீர்கள்.

கணக்கு: எலும்பு 450, கம்பி செட் 550, நாசில் கம்பி 120, உப்புத்தாள் 60. மொத்தம் 1180 ரூபாய். ஏற்கனவே இருக்கும் சொத்தை ஓடவைக்கச் செய்யும் செலவு வருவாயினச் செலவு, புதுக் கிட்டார் வாங்குவது மூலதனச் செலவு. முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்த இந்த வித்தியாசம் மொட்டை மாடியில்தான் எனக்குப் புரிந்தது.

தங்கச்சிக்கு F இன்னும் சுத்தமாக வரவில்லை. ஆறில் ஐந்து கம்பி பேசுகிறது. ஆனால் இப்போது வராததற்குக் காரணம் பயிற்சிதான் என்று அவளுக்கும் தெரியும், அதனால் தினமும் சாயங்காலம் எடுத்து உட்காருகிறாள். பழைய கிட்டார் வாங்கப் போகிறீர்களா? ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "எனக்கு வராது" என்று சொல்லப் போகிறீர்களா? அதற்கு முன்னாலும் அதே ஸ்கேல்தான்.