கட்டு அவிழவில்லை, மூங்கில் ஒடிந்தது

குற்றப்பத்திரிகையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. சாரம் கட்டிய பெரியவரின் பெயர். கோவைப் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வெளிப்பூச்சு நடந்தபோது சாரம் சரிந்து, நின்று வேலை பார்த்த கொத்தனார் விழுந்து இறந்துபோனார். கயிற்றுக் கட்டைச் சரியாக இறுக்காததால் அவிழ்ந்தது என்பது போலீஸ் தரப்பு. அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். மூங்கிலும் சவுக்கும் கொண்டுவந்து இறக்கிய ஒப்பந்ததாரர் அரசுத் தரப்பு சாட்சியாக இருந்தார்.

"கட்டு அவுறலீங்க சார். மூங்கிலு ஒடிஞ்சுதுங்க. நான் போட்ட கட்டு இன்னும் அதுலயேதான் இருக்குதுங்க." பெரியவர் அவருடைய வழக்கறிஞரான என்னிடம் சொன்னது இவ்வளவுதான். எத்தனை முறை கேட்டாலும் இதற்கு மேல் ஒரு சொல் கூடவில்லை, குறையவும் இல்லை.

மகஜரில் "உடைந்த மூங்கில் துண்டுகள் 2" என்று ஒரு வரி இருந்தது. நடுவரின் அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தேன். பலகையைத் தாங்கிய குறுக்கு மூங்கில் அது. நிமிர்ந்து நின்ற சவுக்குக் கட்டையை அறுத்து எடுத்திருந்தார்கள். அதோடு சேர்த்துக் கட்டியிருந்த நார்க்கயிறு முடிச்சு மாறாமல் அப்படியே இருந்தது. மூங்கில்தான் கட்டுக்கு ஒரு முழம் தள்ளி முறிந்திருந்தது.

முறிந்த வாய் என்னை உறுத்தியது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் மரங்களின் வலுவைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவரைத் தேடிப் போனேன். அவரிடம் கற்றுக்கொண்டதுதான் இந்த வழக்கின் உயிர். மூங்கிலின் பலமெல்லாம் நீளவாக்கில் ஓடும் நாரில் இருக்கிறது. உட்புறத்தைவிட வெளித்தோலை ஒட்டி நார் நெருக்கமாக இருக்கும். நீளவாக்கில் இழுத்தால் அபாரமாகத் தாங்கும். நாரையும் நாரையும் ஒட்டவைக்கும் சதை மட்டும் பலவீனம். ஆகவே நல்ல மூங்கில் பாரம் தாங்காமல் போகும்போது முதலில் வளையும், முனகும், நீளமாகப் பிளக்கும், கடைசியில்தான் நார் நாராகக் கிழியும். மேலே நிற்பவருக்கு இறங்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். எங்கள் துண்டில் பிளவும் இல்லை, நாரும் தொங்கவில்லை. கேரட்டை ஒடித்ததுபோல் குறுக்கே வெட்டாக முறிந்திருந்தது. பூஞ்சணம் நாரைத் தின்றுவிட்டால் இப்படித்தான் முறியும் என்று அவர் நடுவர் முன் சாட்சியம் சொன்னார்.

அரசு வழக்கறிஞர் விடவில்லை. "பருமனாகத்தானே இருக்கிறது? எடையும் குறையவில்லையே?" என்று கேட்டார். நீதிமன்ற அனுமதியோடு ஒரு சிறு வில்லையை அறுத்து, 103 டிகிரி சூட்டில் உலர்த்தி, எடையையும் ஈரத்தையும் பார்த்திருந்தோம். எடை பெரிதாகக் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் மரமானாலும் மூங்கிலானாலும் உளுக்கத் தொடங்கியதும் முதலில் போவது திடீர் அதிர்வைத் தாங்கும் சக்தி. எடை பிறகுதான் குறையும். கையில் தூக்கிப் பார்த்து நம்பிவிடும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

அடுத்த கேள்விதான் எனக்குக் கவலை தந்தது. "உளுத்ததைக் கட்டினவருக்குத் தெரியாதா?" நியாயமான கேள்வி. பேராசிரியர் துண்டைக் காட்டி, பூஞ்சணத்தோடு வண்டும் அதைத் தின்றிருந்ததை விளக்கினார். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துக்காகத் துளைக்கும் வண்டு, வழவழப்பான கெட்டித் தோலை விட்டுவிட்டு, வெட்டிய முனையிலும் கணு சீவிய இடத்திலும் நுழைகிறது. உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும்போது வெளியே குண்டூசித் துளைகள் மட்டுமே தெரியும். அந்தத் துளைகளையும் பழைய வேலைகளில் தெறித்த சிமென்ட் பால் மூடியிருந்தது. அதற்கும் மேலாக, ஒலி சரியில்லை என்று பெரியவர் ஒப்பந்ததாரரிடம் தட்டிக் காட்டியதையும், "ஒரு வாரத்து வேலைதானே" என்று பதில் வந்ததையும் கட்டடக் காவலாளி சாட்சியத்தில் சொன்னார்.

ஒப்பந்ததாரரைக் குறுக்கு விசாரணை செய்ய அதிக நேரம் ஆகவில்லை. மூங்கிலை எங்கே அடுக்கி வைப்பீர்கள்? வெட்டவெளியில், மண்மேல். மழையில்? ஆமாம். மருந்து அடித்ததா? இல்லை. எப்போது வாங்கியது? நினைவில்லை. மருந்தேற்றாத மூங்கில் மண்ணைத் தொட்டு மழையில் கிடந்தால் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுதான் தாங்கும். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த மத்திய விதிகள், சாரத்து மூங்கில் தரமானதாகவும் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும் என்றன. அதைப் பார்க்கும் கடமை வேலை கொடுப்பவருடையது, கயிறு கட்டுகிறவருடையது அல்ல.

வாதத்தில் குர்பான் உசேன் வழக்கை எடுத்து வைத்தேன். பம்பாயில் ஒரு பெயின்ட் ஆலைத் தீயில் ஏழு தொழிலாளர்கள் இறந்த வழக்கு அது. மரணத்துக்கு நேர்க்காரணம் குற்றம் சாட்டப்பட்டவரின் செயலே என்று காட்டினால்தான் 304ஏ நிற்கும் என உச்ச நீதிமன்றம் சொல்லி, ஆலை நடத்தியவரை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. முதலாளி ஒருவரைக் காத்த தீர்ப்பை ஒரு கூலிக்காரருக்காகப் படித்ததில் எனக்கு நிறைவு உண்டு.

பெரியவர் விடுதலையானார். ஒப்பந்ததாரரைக் குற்றவாளியாகச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தும் அது நடக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் போகவில்லை.

இறந்தவரின் மனைவியை நண்பரான ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் அனுப்பினேன். அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்று நிரூபிக்கவே தேவையிருக்கவில்லை. வேலையின்போது, வேலையால் நேர்ந்த விபத்து என்றால் போதுமாக இருந்தது. எதிர்த்தரப்பு, அவர் குடித்திருந்தார் என்று சொல்லிப் பார்த்தது. மரணம் நேர்ந்துவிட்டால் அந்த வாதத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. ஆணையர் அதைத் தள்ளி, வட்டியோடு தொகையைக் கட்ட உத்தரவிட்டார். ஒப்பந்ததாரர் கட்டினார்.