திரைக்குள்ளிருந்து ஒரு கேள்வி



"சார், பெங்களூரு போய் நாடகம் பார்த்தீங்களாமே, புரிஞ்சுதா?" என்று மூன்று பேர் போன் செய்து கேட்டுவிட்டார்கள். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

நாடகம் 'ஒடகலு பிம்ப'. உடைந்த பிம்பம் என்று பொருள். கிரீஷ் கர்னாட் எழுதியது. 2005இல் முதலில் மேடையேறியது. பார்த்த இடம் ஜே.பி. நகர் ரங்கசங்கரா. நடிகர் சங்கர் நாக் நினைவாக 2004இல் திறந்த அரங்கம். நேரம் தவறி வந்தால் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். (இது எனக்கு மிகவும் பிடித்தது. காலை பிரேயருக்குத் தாமதமாக வந்தவர்களுக்குக் காரணம் தெரியும்!)

மேடையில் அருந்ததி நாக் ஒருவர் மட்டுமே. மஞ்சுளா என்ற கன்னட எழுத்தாளர். ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றுவிட்டார். டிவி நிலையத்தில் நின்று, ஏன் ஆங்கிலத்தில் எழுதினேன் என்று அழகாகப் பேசி முடிக்கிறார். கிளம்பும்போது, டிவி திரையில் அவருடைய உருவம் மட்டும் போகாமல் நின்று அவரையே கேள்வி கேட்கிறது. அவர் பதில் சொல்ல, அது சிரிக்கிறது, மடக்குகிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. பேசுவது யார், கேட்பது யார்? திரையில் வருவது முன்பே படம் பிடித்தது. அதன் ஒவ்வொரு இடைவெளிக்கும் சரியாக மேடையில் பேச வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் மாட்டிக்கொள்வார். கடைசியில் அந்த நாவலை எழுதியதே நடக்க முடியாமல் இருந்து இறந்துபோன தங்கை மாலினி என்று தெரிகிறது.

பக்கத்தில் இருந்த என் உறவுக்காரர், "என்ன மாமா, ஒரே குழப்பம்" என்றார். நம் ஊர்ப் பக்கம் பாரதக் கூத்தில் திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நிற்கும், கட்டியங்காரன் "நீ யாரப்பா?" என்று கேட்பான். அவன் கேட்டுத்தான் நமக்குக் கதை புரியும். இங்கே அந்த டிவிதான் கட்டியங்காரன் என்று பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கன்னடமும் ஓரளவு கூடவே வந்தது. (பெங்களூரிலிருந்து கெலவரப்பள்ளி அணைக்கு நுரை மட்டும்தான் வரும் என்று இனிமேல் கிண்டல் செய்ய மாட்டேன்.)

ஆனால் மஞ்சுளாவின் அந்த முதல் பேச்சு என்னை விடவில்லை. ஊருக்குச் சொல்லத் தயாராக வைத்திருக்கும் பதில் அது. பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கும். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளை. நான் பேனாவுடன் காத்திருப்பேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வார்:

"உங்களுக்கு எது தோதோ அதையே போட்டுக்கங்க சார்."