கணினி கண்விழிக்கும் நேரம்

வன்பொருள் என்றும் மென்பொருள் என்றும் கணினியை இரு கூறாக்கிப் படிப்பது பாடசாலை வழக்கு. தொட்டுணரத்தக்கது முன்னையது, தொட்டுணர இயலாத கட்டளைத் தொகுதி பின்னையது. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டென்பதைப் பலர் அறிவதில்லை. அறிய நேர்வதும் அது முரண்டுபிடிக்கும் நாளிலேதான். 1967இல் அஷர் ஒப்ளர் என்னும் அமெரிக்கர் அதற்கு ‘ஃபேம்வெயர்’ என்ற சொல்லை ஆக்கினார். அவர் கருதியது செயலியின் உள்ளே இயங்கும் நுண்கட்டளைகளையே. பின்னர் சொல்லின் பொருள் விரிந்தது. தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் எழுதப்பட்டு, மின்சாரம் நின்றாலும் அழியாது தங்கியிருக்கும் கட்டளைத் தொகுதியை இன்று அப்பெயரால் அழைக்கின்றனர். தமிழில் அது நிலைபொருள். கணினியின் ஆளியை அழுத்தியதும் முதலிற் கண்விழிப்பது இதுவே. நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வட்டு உண்டா எனச் சோதித்து, பணிசெயல் முறைமை எங்கிருக்கின்றதெனத் தேடி, அதனிடம் ஆட்சியைக் கையளித்துவிட்டு இது ஒதுங்கிக்கொள்கின்றது.

கலைப்பீடத்திலே வரலாறும் தமிழும் பயிலும் ஒருவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என வாசகர் வினவலாம். கொட்டாஞ்சேனையிலே என் சின்னம்மா தமிழ்த் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து சீவியம் நடத்துகின்றார். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பிரசுரம், ரியூசன் வகுப்புகளுக்கான வினாத்தாள் ஆகியன அவரிடம் வருவன. அவற்றிலும் மிகுதியாக வருவன கல்வெட்டுகள். ஒருவர் இறந்து 31ஆம் நாள் நிகழும் அந்தியேட்டியன்று உற்றார் உறவினருக்குக் கையளிக்கப்படும் நினைவு நூல்களையே சொல்கின்றேன். வினாத்தாள் ஒருநாள் பிந்தினால் மாணவர் மகிழ்வர். அழைப்பிதழ் பிந்தினாலும் மன்னிப்புண்டு. கல்வெட்டு பிந்துதல் என்பது இல்லை. 31ஆம் நாள் ஒருமுறைதான் வரும்.

அவருடைய பழைய கணினி பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தது. விண்டோஸ் 10இற்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தப்பட்டன. அதே காலத்தில் வன்தட்டும் கரகரக்கத் தொடங்கியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்ததன் பின்னர், பெட்டி பிரிக்காத புதுக் கணினி எங்கள் குடும்பத்துக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவதெனத் தீர்மானித்தோம். விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாந் தலைமுறை இன்ரெல் செயலி, அதற்கேற்ற தாய்ப்பலகை, நினைவகம் ஆகியவற்றைப் பழையனவாகவும், திண்மநிலை வட்டை மட்டும் புதியதாகவும் பம்பலப்பிட்டியில் தேடி வாங்கினேன். வெள்ளவத்தையில் நான் தங்கியிருக்கும் அறையின் படிக்கும் மேசைமீது, ஒரு திருப்புளியின் துணையோடு இரண்டு மாலைகளில் அதனைப் பொருத்தி முடித்தேன்.

இவ்வாறு வெவ்வேறு நிறுவனத்தார் செய்த உறுப்புகளை ஒரு பெட்டியிற் கூட்டுவது இன்று இயல்பாகத் தோன்றுகின்றது. அதன் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் உறுப்புகளிற் பெரும்பாலானவை எவரும் கடையில் வாங்கத்தக்கனவாகவே இருந்தன. பயோஸ் எனப்பட்ட அதன் நிலைபொருள் மட்டுமே அந்நிறுவனத்தின் தனியுடைமை. அதன் மூலவரிகளை நிறுவனமே நூலாக அச்சிட்டு விற்றது. பதிப்புரிமை இருந்தமையால் பிறர் அதனைப் பிரதிசெய்ய இயலாது. 1982இல் கொம்பாக் நிறுவனம் ஓர் உபாயம் கண்டது. ஒரு குழுவினர் அந்நிலைபொருள் என்ன செய்கின்றதென ஆராய்ந்து எழுதினர். மூலத்தைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர் அக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதே பணிகளைச் செய்யும் புதியதொன்றை ஆக்கினர். பொழிப்புரையைக் கொண்டு மூலநூலைத் திரும்ப இயற்றியது போன்ற இச்செயல் வெற்றிபெற்றிராவிடின், உதிரிப் பாகங்களைத் தேடி நான் பம்பலப்பிட்டிக்குச் சென்றிருக்க முடியாது.

இனி எங்கள் கணினிக்கு வருவோம். பணிசெயல் முறைமையை நிறுவுதற்கான பென்டிரைவ் ஒன்றை நண்பரொருவர் ஆக்கித் தந்தார். அதனைச் செருகித் தொடக்கியபோது நிறுவுநிரல் ஒழுங்காகவே எழுந்து வந்தது. ஆனால் அடுத்த திரையிலேயே, இக்கணினி விண்டோஸ் 11இற்குத் தகுதியற்றது எனக் கூறிக் கைவிரித்தது. தகுதியுள்ளதென உறுதிசெய்த பின்னரே பாகங்களை வாங்கியிருந்தோம். நிலைபொருளின் அமைப்புத் திரையைத் திறந்து பார்த்தேன். (எங்கள் பலகையின் மொழிப் பட்டியலிலே சீனமும் யப்பானியமும் இருந்தன, தமிழ் இல்லை.) தொடக்கமுறை ‘பழையது’ என்றிருந்தது. அதனைப் புதிய முறையாகிய யூ.ஈ.எஃப்.ஐ.இற்கு மாற்றி மீளத் தொடக்கினேன். இப்போது பென்டிரைவே பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது! பழைய முறையில் பென்டிரைவ் எழும், நிறுவுநிரல் மறுக்கும். புதிய முறையில் நிறுவுநிரல் ஏற்கும், ஆனால் பென்டிரைவ் தோன்றாது. இந்த இருதலைக்கொள்ளி நிலைமை என்னை ஒரு வார இறுதி முழுவதும் ஆட்டிவைத்தது.

ஒரே பலகையினுள் இரண்டு மரபுகள் குடியிருப்பதே காரணம். பழைய பயோஸ் மரபு கோப்பு, கோப்புறை எதனையும் அறியாது. வட்டின் முதல் 512 பைற்றுகளை மட்டும் வாசிக்கும்; அவற்றின் இறுதியில் 55, ஏ.ஏ. என்னும் இரு பைற்று அடையாளம் இருக்கின்றதா எனப் பார்க்கும். இருப்பின் அங்குள்ள கட்டளையிடம் கண்ணை மூடிக்கொண்டு ஆட்சியைக் கொடுத்துவிடும். யூ.ஈ.எஃப்.ஐ. மரபு 1990களின் பிற்பகுதியில் இன்ரெல் நிறுவனத்தில் இற்றேனியம் செயலிக்கென முளைத்து, 2005இலிருந்து பல நிறுவனங்கள் கூடிய மன்றமொன்றினாற் பேணப்படுகின்றது. இதற்கு எழுத்தறிவு உண்டு. வட்டைத் திறந்து, ‘ஈ.எஃப்.ஐ.’ என்னும் கோப்புறையினுள் ‘பூட்’ என்னும் கோப்புறையைத் தேடி, அதனுள் குறித்த பெயருடைய கோப்பைக் கண்டெடுத்து இயக்கும். ஆயினும் அதன் எழுத்தறிவு எல்லைக்குட்பட்டது. ஃபாட் எனப்படும் பழைய எளிய ஒழுங்கில் எழுதப்பட்ட வட்டையே எல்லாப் பலகைகளும் வாசிக்கும். என்.ரி.எஃப்.எஸ். ஒழுங்கை வாசிப்பது பலகையைப் பொறுத்தது, எங்களுடையது வாசிக்கவில்லை.

நண்பர் என்.ரி.எஃப்.எஸ்.ஐத் தெரிந்ததற்கும் நியாயம் இருந்தது. ஃபாட்32 ஒழுங்கிலே தனிக்கோப்பு ஒன்று 4 கிகாபைற்றை எட்ட முடியாது. அவர் பதிவிறக்கிய நிறுவுதொகுதியிலோ ஒரு கோப்பு அவ்வெல்லையைத் தாண்டியிருந்தது. மைக்ரோசொவ்ற் தானே வழங்கும் ஆக்கக் கருவியைப் பயன்படுத்தினால், அக்கோப்பு மேலுஞ் சுருக்கப்பட்டு ஃபாட்32இற்குள் அடங்கிவிடுகின்றது. அதன்படி பென்டிரைவைப் புதிதாக ஆக்கினேன். புதிய முறையில் அது உடனே தோன்றியது. நிறுவலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. ஒரு வாரம் என் மேசையிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, 155ஆம் இலக்கப் பேருந்தில் அதனை மடியிற் சுமந்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுசென்றேன்.

மறுநாட் காலை ஏழு மணிக்குச் சின்னம்மாவிடமிருந்து அழைப்பு. கரிய திரையில் வெள்ளை எழுத்துகள். சரியான தொடக்கக் கருவியைத் தெரிவுசெய்து மீளத் தொடக்குமாறு அவை பணித்தன. மாலையிற் சென்று பார்த்தேன். தொடக்கமுறை மறுபடியும் ‘பழையது’ ஆகியிருந்தது. மாற்றிவிட்டேன், கணினி எழுந்தது, நன்றாகவே வேலை செய்தது. அடுத்த காலையும் அதே அழைப்பு. மூன்றாம் நாள் எனக்குப் பரீட்சை இருந்தமையால், அயலிலுள்ள திருத்துநர் ஒருவரைச் சின்னம்மா வரவழைத்தார். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, தாய்ப்பலகை பழுதாகிவிட்டது, வேறு வாங்கவேண்டும் எனக் கூறித் தன் கூலியையும் பெற்றுச் சென்றார். அப்போது சின்னம்மாவின் மேசையில் ஒரு கல்வெட்டு அரைகுறையாகக் கிடந்தது. மட்டக்குளியில் இறந்த பெரியவர் ஒருவருடையது. அந்தியேட்டிக்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்தன. முற்பணமாகப் பெற்ற தொகை ஏற்கெனவே திண்மநிலை வட்டாக மாறிப் பெட்டிக்குள் இருந்தது.

பலகையைக் கழற்றிக்கொண்டு புறப்படத் தயாராகியே நான் அன்றிரவு அங்கு சென்றேன். என்னைத் தடுத்தது சின்னம்மாவின் கொப்பி. வருகின்ற வேலைகளைக் குறிக்கும் அக்கொப்பியின் பின்பக்கத்திலே கணினியின் நடத்தையையும் அவர் குறித்து வந்திருந்தார். ‘காலை 6.50, வரவில்லை. மாலை தம்பி வந்து சரிசெய்தது. இரவு 8, நிப்பாட்டித் திரும்பப் போட்டேன், வந்தது. காலை 6.45, வரவில்லை.’ இரண்டாம் நாளின் குறிப்பில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘சரிசெய்யேக்கை திகதி 2018 எண்டு காட்டினது.’

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றுவதற்கு முன் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கினார் என்பதை நாம் வகுப்பிலே படிக்கின்றோம். பிரதிகள் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பதே அங்கு முதல் வேலை. சின்னம்மாவின் நான்கைந்து குறிப்புகளையும் அவ்வாறே அருகருகே வைத்துப் பார்த்தேன். நிறுத்தித் தொடக்குவதால் மட்டும் கணினி மறப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு நிறுத்தித் தொடக்கியபோது அது மறக்கவில்லை. இராப்பொழுது கழிந்தால் மட்டுமே மறக்கின்றது. வெள்ளவத்தையில் ஏழு இரவுகள் கழிந்தும் அது ஒன்றையும் மறக்கவில்லை. அப்படியாயின் கொட்டாஞ்சேனை இரவுக்கும் வெள்ளவத்தை இரவுக்கும் என்ன வேறுபாடு?

“சின்னம்மா, படுக்கப் போகேக்கை என்ன செய்யிறனீங்கள்?”

“என்ன செய்யிறது, சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுப் போய்ப் படுக்கிறன். அந்தக் கறண்ட் வெட்டுக்குப் பிறகு எனக்கு உதிலை நம்பிக்கையில்லை, தம்பி.”

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்தில், மின்சாரம் திடீரென மீண்டபோது அவருடைய பழைய கணினியின் மின்வழங்கி கருகிப்போயிருந்தது. அன்றுமுதல் சுவரிலுள்ள ஆளியை நிறுத்தாமல் அவர் உறங்கச் செல்வதில்லை. என் அறையிலோ சுவர் ஆளி எந்நேரமும் திறந்தே கிடக்கும்.

வேறுபாடு இதுதான். கணினியை நிறுத்தினாலும், சுவரிலிருந்து மின் வரும்வரை பலகைக்குச் சிறிதளவு மின்னூட்டம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அதன் கடிகாரமும் அதனாலேயே ஓடும். சுவரிலும் மின் நின்றால், பலகையிலுள்ள நாணய வடிவான மின்கலம் அப்பொறுப்பை ஏற்கும். சீ.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்று அளவை இலக்கத்திலேயே ஒளித்து வைத்திருக்கும் பெயர் அது. எங்கள் பலகை பழையது. கலமும் அதனோடு வந்த பழையதே. கலம் வற்றியிருந்தமையால் இரவிலே கடிகாரம் நின்றது. காலையிலே கடிகாரம் நின்றுவிட்டதைக் கண்ட நிலைபொருள், தன் அமைப்புகளையும் நம்ப மறுத்து, தொழிற்சாலை வகுத்த ஆதிநிலைக்குத் திரும்பிவிட்டது. அந்த ஆதிநிலையிலே தொடக்கமுறை ‘பழையது’. புதிய மரபுப்படி கூறிடப்பட்ட வட்டில் பழைய மரபு தேடும் தொடக்கக் கட்டளை இல்லாமையால், கருவி இல்லையென்று அது கூறியது. அது பார்த்த அளவில் அதுவும் உண்மையே. பலகைக்கு ஒரு பழுதும் இல்லை.

திருத்துநரைக் குறைகூறுவது எளிது. அவர் எது பழுதானதென்று பார்த்தார். எப்போது பழுதாகின்றதென்று கேட்கவில்லை. அவ்வினாவுக்கான விடையை எழுதி வைத்திருந்த பெண்மணி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அருகிலேயே நின்றிருக்கின்றார். கணினி பற்றி அவரிடம் என்ன கேட்பது என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். கணினித் திருத்தகங்களில் மட்டுமன்றி வேறு பல இடங்களிலும் இதனைக் கண்டிருக்கின்றேன்.

மறுநாள் விரிவுரை முடிந்து வரும்வழியில், வெள்ளவத்தை காலி வீதியோரத்திலே கடிகாரம் திருத்தும் முதியவரிடம் ஒரு கலம் வாங்கினேன். விலை, ஒரு தேநீருக்கும் இரண்டு வடைக்கும் போதுமானது. என்ன கடிகாரத்துக்கு என்று அவர் வினவினார். கணினிக்கு என்றேன். அதற்குள்ளும் கடிகாரம்தானே இருக்கின்றது என்று சொல்லிக்கொண்டே தாளிற் சுற்றித் தந்தார்.

பழைய கலத்தை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதை அழுத்திவிட அரை நிமிடமும் ஆகவில்லை. திகதியைத் திருத்தி, தொடக்கமுறையை மாற்றி, விண்டோஸ் 11 வேண்டிநிற்கும் ரி.பி.எம். பாதுகாப்பையும் இயக்கிச் சேமித்தேன். பின்னர் சுவர் ஆளியை நிறுத்தச் சொல்லிவிட்டு அன்றிரவு அங்கேயே தங்கினேன். காலை 6.45இற்குச் சின்னம்மா ஆளியைப் போட்டார். கரிய திரை ஒரு கணம் வந்து மறைந்தது. பணிசெயல் முறைமை எழுந்தது. அவர் எதுவும் பேசாமல் பெரியவரின் கல்வெட்டைத் திறந்து, நிறுத்தியிருந்த பக்கத்திலிருந்து தட்டத் தொடங்கினார். 29ஆம் நாள் அச்சகத்திலிருந்து பிரதிகள் வந்துவிட்டன.

கணினிப் பெட்டியின் பக்கவாட்டிலே இப்போது ஒரு துண்டுத் தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. கலம் மாற்றிய திகதியும் 2032 என்ற இலக்கமும் அதிலே சின்னம்மாவின் கையெழுத்தில் உள்ளன. சுவர் ஆளியை இனி நிறுத்தத் தேவையில்லையென்று விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். இரவு பத்து மணிக்கு அதனை நிறுத்திவிட்டே இன்றும் உறங்கச் செல்கின்றார்.