வீட்டோடு ஒரு சபர்

எங்கள் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டுப் பயணத்திற்குச் 'சபர்' என்றே பெயர். ஆண்மக்கள் சபர் போவர். பெண்மக்கள் வீட்டைக் காப்பர். என் வாப்பா பினாங்குக்குப் போனால் இரண்டாண்டு கழித்தே திரும்புவார். அந்த நாட்களை உம்மா சுவர்க் காலண்டரில் ஒவ்வொன்றாக எண்ணிக் கழிப்பார். வீடு ஓரிடம், பயணம் வேறிடம் என்பதே நான் கண்டு வளர்ந்த வழக்கம். ஆகவே, முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் உழைத்து ஓய்வு பெற்றபின், வீட்டையே சக்கரத்தின்மீது ஏற்றிக்கொண்டு புறப்படலாம் என்னும் எண்ணம் தோன்றியபோது, எங்கள் குலத்தின் பழங்குறை ஒன்று தீர்ந்ததாகவே மகிழ்ந்தேன். இனி என் இல்லாளும் சபராளி! அம்மகிழ்ச்சி எத்துணைப் பேதைமை உடையது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தார் 'மோட்டார் ஹோம்' என்பதை நாம் வீட்டு வண்டி எனலாம். நாங்கள் வாங்கியது பலர் கைமாறிய பழைய வண்டி. நீளம் 7 மீட்டர். உயரம் 3 மீட்டர். முன்னே ஓட்டுநர் இருக்கை, பின்னே கட்டில், இடையே ஓர் அடுப்பு, ஒரு குளிர்ப்பெட்டி, ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய குளியலறை. ஆளும் அரிசியும் நீரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டலாகாது என்பது சட்டம். 2024 அக்டோபரில் டோவர் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரான்சில் இறங்கினோம்.

வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது, அடைத்தால் நிற்கிறது. எங்கிருந்து வந்தது, அழுக்கு எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. வீட்டு வண்டியோ ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கும். தொட்டியில் 100 லிட்டர் நீர்; அது தீர்ந்தால் நாமே நிரப்ப வேண்டும். பாத்திரம் கழுவிய நீர் அடியிலுள்ள தொட்டியில் சேரும். அதனை நாமே வடிக்க வேண்டும். கழிவறைப் பெட்டியை மூன்று நாளைக்கொருமுறை இழுத்துச் சென்று, அதற்கென அமைந்த இடத்தில் கொட்ட வேண்டும். பிரான்சில் சிற்றூர் மன்றங்கள்கூட இத்தகைய வண்டிகளுக்கென நிறுத்துமிடமும் நீர்க்குழாயும் அமைத்து வைத்திருப்பது பாராட்டுக்குரியது. ஒரே செம்பு நீரில் ஒளூச் செய்யப் பழகினோம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை விரயஞ் செய்யலாகாது என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்ட பாடத்தின் பொருள், அறுபத்தேழாம் வயதில்தான் என் கைக்குப் புரிந்தது.

பிற சோதனைகளும் உண்டு. எங்கள் குளிர்ப்பெட்டி எரிவாயுவில் இயங்குவது. வண்டி சாய்ந்து நின்றால் அது குளிராது. ஆதலின் ஒவ்வொரு மாலையும் சக்கரத்தின்கீழ் ஆப்பு வைத்து வண்டியை மட்டமாக்க வேண்டும். எரிவாயுச் சிலிண்டரின் வாய் நாட்டுக்கு நாடு வேறுபடும்; இங்கிலாந்துச் சிலிண்டரைப் பிரான்சில் கொடுத்து வேறொன்று பெற இயலாது. ஸ்பெயின் நாட்டு மலைப்பகுதியில் உறைபனி பெய்த ஓரிரவில் எரிவாயு தீர்ந்து, இருக்கும் போர்வையெல்லாம் போர்த்தியும் விடியுமட்டும் நடுங்கினோம்.

நாட்கணக்கும் ஒரு சோதனையே. இங்கிலாந்துக் கடவுச்சீட்டு உடையோர் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. 2021 முதல் இதுவே விதி. நாங்கள் 62 நாட்களைச் செலவிட்டு, திரும்பும் வழிக்கென 28 நாட்களைச் சேமித்துக்கொண்டு, டிசம்பரில் அல்ஜெசிராஸ் துறைமுகத்தில் மீண்டும் கப்பலேறினோம். ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் 14 கிலோமீட்டரே. ஒன்றரை மணி நேரத்தில் ஆப்பிரிக்கா! உம்மாவைப் போலவே நானும் காலண்டரில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

குளிர்காலத்தில் ஐரோப்பியர் பலர் இவ்வாறே வீட்டு வண்டிகளில் மொரோக்கோவுக்கு வருகின்றனர். அட்லாண்டிக் கரையோரமாக எஸ்ஸவீரா, அகாதிர் வழியே தெற்கே சென்று, பிப்ரவரியில் தஃப்ராவுத் என்னும் மலையூரை அடைந்தோம். வானளாவும் இளஞ்சிவப்புப் பாறைகள். அவற்றின் அடியில் பேரீச்சை மரங்கள். எங்கும் வாதுமை பூத்திருந்த நேரம். அண்டை வண்டிக்காரரான பிரெஞ்சுப் பெரியவருடன் பாறைகளுக்கிடையே நெடுந்தூரம் நடந்துவிட்டு, கண்டதையெல்லாம் சொல்லும் ஆவலோடு நண்பகலில் திரும்பினேன்.

வண்டியின் நீர்ப்பம்பு காலையிலேயே நின்றுபோயிருந்தது. என் இல்லாள் பொதுக்குழாயிலிருந்து வாளியில் நீர் சுமந்து வந்து, படிக்கட்டில் அமர்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் வாதுமைப் பூவைப் பற்றித் தொடங்கினேன். அவள் கைவேலையை நிறுத்தாமலே சொன்னாள்:

"மச்சான், உங்களுக்கு இது சபர். எனக்கு அதே அடுப்படிதான். கொஞ்சம் சின்னதாய்ப் போச்சு, அவ்வளவுதான்."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன்.

அன்றிரவு உறக்கம் வராமல் நான்கு மாதக் கணக்கைப் பார்த்தேன். ஓட்டியவன் நான். வழி கேட்டவன் நான். அயலாரோடு அளவளாவியவனும் நாட்குறிப்பு எழுதியவனும் நானே. கழிவறைப் பெட்டியைச் சுமந்த ஒரு காரியத்தைக் கொண்டே என் பங்கு தீர்ந்ததாகப் பெருமிதங் கொண்டிருந்தேன். மூன்று வேளைச் சமையலும், துவைப்பும், எந்த ஊரில் எது மலிவு என்ற விசாரணையும் அவளுடையவை. மொரோக்கோவுக்கு வந்ததும், உள்ளூர் மக்கள் பயன்படுத்தும் 3 கிலோ சிலிண்டரையும் அதன் தலையில் பொருத்தும் அடுப்பையும் வாங்கி, எங்கள் எரிவாயுத் துன்பத்தை ஒரே நாளில் தீர்த்தவளும் அவளே. என் குறிப்பேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. வாப்பா வீட்டை உம்மாவிடம் விட்டுச் சென்றார். நானோ வீட்டை அவள் தலையில் ஏற்றி உடன் கொண்டுவந்திருந்தேன்.

மறுநாள் நான் எந்த உறுதிமொழியும் கூறவில்லை. தேநீர் போட்டேன். பின்னர் இருவருமாகக் கடைத்தெருவுக்குச் சென்று ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அந்த இளைஞர் பம்பின் வடிகட்டியைக் கழற்றி, அதில் அடைத்திருந்த மணலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். கால் மணி நேர வேலை. அருகிலிருந்து கூர்ந்து நோக்கிய என் இல்லாள், அடுத்தமுறை அது அடைத்துக்கொண்டபோது தானே கழற்றிச் சரிசெய்தாள். அன்று முதல் நீர் நிரப்புவதும் இரவுச் சமையலும் என் பொறுப்பாயின. மலையில் பருப்பு வேக நேரமாகும் என்பதைப் பசியோடு கற்றேன்.

ஒரு வாரம் கழித்துப் புறப்படும் காலையில், சாவியை அவளிடம் நீட்டினேன். இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தில் கார் ஓட்டியவள் அவள். காப்புறுதிப் பத்திரத்தில் அவள் பெயரும் இருந்தது. ஆயினும் நான்கு மாதத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. சாவியைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையை முன்னே இழுத்துக்கொண்டாள்.

தஃப்ராவுத்திலிருந்து திஸ்னித்துக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் கெர்தூஸ் கணவாயைக் கடக்கிறது. வளைவுதோறும் இல்லாத பிரேக்கை என் கால் மிதித்தது. எதிரே ஒரு டாக்சி விரைந்து வந்தது. அவள் ஓரங்கட்டி நிறுத்தி வழிவிட்டாள். ஓட்டுநர் கையுயர்த்தி ஸலாம் சொல்லிப் போனார். அடுத்த வளைவில் பின்னால் 'தடால்' என்று ஓசை. அலமாரிக் கதவு திறந்து, பருப்பு டப்பா உருண்டு, மைசூர்ப் பருப்பு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது.

"அடுப்படிக்காரர் கதவைச் சரியாய்த் தாழ்ப்பாள் போடலை போலிருக்கு," என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்ச் மாதம் தாஞ்சியர் வழியே திரும்பினோம். உலகப் பயணி இப்னு பதூதா 1304-இல் பிறந்த ஊர் அது. 1325-இல் அங்கிருந்து புறப்பட்டு, நம் மதுரை வரை வந்து சென்றவர் அவர். வழியில் பல இடங்களில் மணம் புரிந்தார். மனைவியரை விட்டுவிட்டுப் புறப்படவும் செய்தார். பள்ளிநாள் முதல் அவர்மேல் எனக்குள்ள வியப்பு இன்னும் குறையவில்லை. ஆனால் இம்முறை அவர் பெயரைக் கண்டபோது, அவர் விட்டுச்சென்ற வீடுகளில் இருந்தவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும், பயணம் எப்படியிருந்தது என்று மகன் கேட்டான். வழக்கம்போல் நான் வாயைத் திறந்தேன், பின்னர் மூடிக்கொண்டேன். அவள் கெர்தூஸ் கணவாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. நான் எழுந்து தேநீர் போடப் போனேன்.