கட்டிலோரத்துத் திரை

சிக்கனம் நல்ல குணம். பீடத்தில் நின்று அதை நாம் பலமுறை புகழ்ந்து பேசியதுண்டு. ஆயினும், ஒருவர் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு வேறொருவர் விலை செலுத்துகிறாரா என்று நின்று பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லாதிருந்தது. 2025-ஆம் ஆண்டின் தவக்காலத்தில் அப்படிப் பார்க்கத் தவறினோம். தவறு சிறியதுதான், கொலையும் களவும் அன்று. ஆனால் சிறிய தவறுகளே பெரும்பாலும் நல்ல நோக்கத்தின் உடையணிந்து வருகின்றன என்பதால், அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எமது பங்கு தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ளது. பங்கு இல்லத்தை இங்குள்ளோர் 'அறைவீடு' என்பர். அந்த அறைவீட்டில் பல ஆண்டுகளாகக் கேபிள் இணைப்பு இருந்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்த காலத்தை ஊரார் இன்றும் நினைவுகூர்வர். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை வந்தது. இணைப்புக்கென 130 ரூபாய், அதன்மேல் வரி, அதற்கும் மேல் கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை என்று கணக்கு மாறிற்று. வேண்டியதற்கு மட்டும் பணம் கொடுக்கலாம் என்பதே அதன் நோக்கம். ஆனால் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? கேபிள்காரர் கொடுத்த தொகுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, நாமும் மாதம் 250 ரூபாய் கட்டிவந்தோம்.

2025 சனவரியில் ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது அந்த 3,000 ரூபாய் கண்ணில் உறுத்திற்று. கேபிளில் நாம் பார்த்ததோ இரவுச் செய்தி மட்டும். பள்ளிக் கணக்குகளுக்காகவும் அலுவலகக் கடிதங்களுக்காகவும் அறைவீட்டில் ஏற்கெனவே இணைய இணைப்பு இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் இணையத்தில் இயங்கும் புதுவகை. செய்தியும் திருப்பலியும் யூடியூபில் காசின்றிக் கிடைக்கின்றன. அப்படியிருக்கக் கேபிள் எதற்கு? செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். கேபிள்காரர் முகம் சற்று வாடினாலும், "சரி சாமி" என்று வாங்கிக்கொண்டார்.

இதுவரையில் தவறேதுமில்லை. தவறு மறையுரையில் தொடங்கிற்று.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. நோன்பைப் பற்றிப் பேசியவர்கள், நமது சொந்த அனுபவத்தையும் எடுத்துரைத்தோம். "கேபிளை நிறுத்துங்கள், மாதம் 250 ரூபாய் மிச்சமாகும், அதைத் தவக்கால உண்டியலில் போடுங்கள், பார்க்க வேண்டிய நல்லவை யாவும் உங்கள் கைப்பேசியிலேயே உள்ளன" என்றோம். மக்கள் சிரித்தனர்; தலையசைத்தனர். பூசை முடிந்ததும் சிலர் வந்து, "நல்ல யோசனை ஃபாதர்" என்றனர். பேசியது பலித்தது என்ற மகிழ்ச்சி, குருவானவருக்கும் உண்டாகும் ஒரு பலவீனம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990-களில் நாம் குருமடத்தில் பயின்றோம். 1975 முதல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றையே அறிந்திருந்த தமிழகத்தில், 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி நீண்டது. அந்நாள் பங்குத்தந்தையர், ஒழுக்கம் கெடும், செபமாலை நின்றுபோகும் என்று அதே கம்பியை அறுக்கச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து நாம் சிக்கனத்தின் பெயரால் அதையே சொன்னோம். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கம்பி யாருக்கு என்னவாக மாறியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21 அன்று, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். 26-ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல், உரோமையில் நடைபெற்ற அடக்கத் திருப்பலியை அறைவீட்டுக் கூடத்தில் இணையத்தின் வழியாகத் திரையிட்டோம். ஐம்பது பேருக்குக் குறையாமல் வந்து பாயில் அமர்ந்து பார்த்தனர். கேபிள் இல்லாமலே உரோமை நமது கூடத்துக்கு வந்துவிட்டது என்று பெருமிதம் கொண்டோம்.

மே 2, முதல் வெள்ளி. நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டு சென்றோம். ஏப்ரல் முதல் வெள்ளியன்று தியானப் பணிக்காக வெளியூர் சென்றிருந்தமையால் உதவிப் பங்குத்தந்தை அப்பணியைச் செய்திருந்தார். எனவே இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு அந்த வீட்டின் வாசலை மிதித்தோம். எண்பது வயதைக் கடந்த கைம்பெண் அவர். இடுப்பெலும்பு முறிந்து, நான்கு ஆண்டுகளாகக் கட்டிலே உலகம். மகன் தனியார் ஆலையொன்றில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் திரும்ப இரவாகும். மருமகளும் கடையொன்றில் வேலைக்குச் செல்கிறார். பகலில் பக்கத்து வீட்டுப் பெண் இருமுறை வந்து பார்த்துப் போவார். கட்டிலுக்கு எதிரே சுவரில் தொலைக்காட்சிப் பெட்டி. அன்று அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு விரித்துப் போடப்பட்டிருந்தது.

நற்கருணை வழங்கி, செபம் சொல்லி முடித்தபின், "என்ன பாட்டியம்மா, டிவி பழுதா?" என்று கேட்டோம்.

"பழுதில்ல சாமி. கேபிளை எடுத்தாச்சு. சாமிதான் கோயில்ல சொன்னீயளாம்." குறைகூறும் குரல் அன்று, செய்தி சொல்லும் குரல். சற்றுப் பொறுத்துத் தொடர்ந்தார்: "பாப்பானவரை அடக்கம் பண்ணுனதைப் பாக்கக் குடுத்து வைக்கல. பக்கத்து வீட்டுப் புள்ள வந்து சொன்னா. நான் படுத்துக்கிட்டே அம்பத்து மூணு மணி சொன்னேன்."

கையிலிருந்த செபநூலை மூடக்கூட நமக்குத் தோன்றவில்லை. அதே பிற்பகலில், அரைக் கல் தொலைவில், நாம் ஐம்பது பேருடன் பெருமிதமாக அமர்ந்திருந்தோம்.

மகன் கெட்டவர் அல்லர். தாய்க்கு ஒன்றும் குறையக்கூடாது என்றே, தொலைக்காட்சியின் பின்புறம் செருகும் ஒரு குச்சியை விலை கொடுத்து வாங்கி மாட்டியிருந்தார். யூடியூபில் மாதா தொலைக்காட்சி வரும், திருப்பலியும் செபமாலையும் வரும் என்று காட்டியும் கொடுத்தார். வந்தது, அவர் வீட்டில் இருக்கும்வரை வந்தது. ஏனெனில் அந்த வீட்டின் இணையம் அவருடைய கைப்பேசியில்தான் இருந்தது. அவர் சட்டைப்பையில் கைப்பேசியைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது, இணையமும் அவருடனே படியிறங்கிற்று. எஞ்சியது கறுப்புத் திரை.

இன்னொன்றும் உண்டு. கேபிள் ரிமோட்டில் எண்கள் இருந்தன. மாதா தொலைக்காட்சியின் எண்ணை அம்மையார் மனப்பாடமாக அறிவார். கண் மங்கிய பின்னும் விரல் தடவியே அழுத்துவார். புதிய ரிமோட்டிலோ எண்களே இல்லை. ஒரு வட்டமும் சில பொத்தான்களும் மட்டும். அதை வலப்புறம் தள்ளி, கீழே தள்ளி, படங்களுக்கிடையே தேடி, எழுத்துக்களைப் பொறுக்க வேண்டும். அது படிக்கத் தெரிந்தவருக்கும் பார்க்கத் தெரிந்தவருக்கும் செய்யப்பட்ட வழி. ஆளற்ற வீட்டில் வீணாக ஒரு பெட்டி விழித்திருப்பானேன் என்று, அம்மையாரே துண்டைப் போட்டு மூடச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை கேபிள்காரரைத் தேடிச் சென்றோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் தலையைக் குனிந்துகொண்டார். "பாக்ஸைக் கழட்டப் போனப்பவே அந்தப் பாட்டி கண் கலங்கினாங்க சாமி. சாமி சொல்லியாச்சு, நாம என்ன சொல்றதுன்னு வந்துட்டேன்" என்றார். மாதந்தோறும் பணம் வாங்க வாசலுக்கு வரும் மனிதர், எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், அவருக்கு எந்த அலைவரிசை உயிர் என்பதை அறிந்திருந்தார். மேய்ப்பன் என்று பெயர் பெற்ற நாம் அறியவில்லை. கோடிக்கணக்கானோருக்குக் காட்சி அனுப்பும் இணையத் தளங்களில் எதுவும் நம் வாசலில் வந்து நின்று நலம் விசாரிப்பதில்லை.

இரவு மகனைச் சந்தித்தோம். அவரோ வருந்தி, "ஃபாதர், அந்தப் பணத்தை வீட்டுக்கு எடுக்கல. மாசம் தவறாம தவக்கால உறையில போட்டுட்டேன்" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. ஆலயக் காணிக்கைப் பெட்டியருகே நின்று ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளைக் கவனித்த ஆண்டவரை நாம் ஆண்டுதோறும் போதிக்கிறோம். அவள் தானே மனமுவந்து போட்டாள். எமது பங்கின் கைம்பெண்ணிடமோ யாரும் கேட்கவில்லை. அவருடைய காலைத் திருப்பலியும் மாலைச் செபமாலையும், அவர் அறியாமலே, நமது உண்டியலில் வந்து விழுந்திருந்தன. மக்களின் தாராளம் என்று எண்ணி அதை நாம் எண்ணிக் கணக்கெழுதியிருந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் கற்ற ஒரு பாடம் நினைவில் எழுந்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஏடு ஒன்றை வெளியிட்டது. அவற்றை மனித அறிவு கண்ட வியத்தகு கொடைகளாக அது வரவேற்றது. அதற்கும் முன்பே, 1958-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவிக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன தொடர்பு? ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் அவர் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். உடன் சகோதரிகள் யாவரும் வழிபாட்டுக்குச் சென்றுவிட, தனியே கிடந்த அவருக்கு, தொலைவில் நடந்த வழிபாட்டைக் காணும் கேட்கும் வரம் அருளப்பட்டது என்பது மரபு.

தேர்வில் விடையாக எழுதி மதிப்பெண் பெற்ற செய்திதான் இது. ஆயினும் அதன் பொருள் அன்றிரவுதான் நமக்கு விளங்கிற்று. திரு அவை தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியைத் தேடியபோது, மேடையில் நிற்பவரை விட்டுவிட்டுப் படுக்கையில் கிடந்த நோயாளியைத் தேர்ந்தெடுத்தது. எழுந்து நடமாடுகிறவர்க்குத் தொலைக்காட்சி ஒரு பொழுதுபோக்கு. அதை நோன்பாக விடலாம், புண்ணியமும் தேடலாம். எழ முடியாதவர்க்கோ அது சன்னல். தன் பொழுதுபோக்கை ஒருவர் துறக்கலாம். பிறருடைய சன்னலை அடைத்துவிட்டு அதைத் துறவு என்று சொல்லலாகாது. 2020-இல் ஊரடங்கின்போது ஆலயக் கதவுகள் அடைபட, தொலைக்காட்சி வழியாகத் திருப்பலி காணுங்கள் என்று இதே மக்களைக் கேட்டுக்கொண்டவர்கள் நாமே. ஊரடங்கு நமக்கு முடிந்தது. அந்தக் கட்டிலுக்கு முடியவில்லை.

மறுநாளே கேபிள் மீண்டது. மகனும் கேபிள்காரரும் அமர்ந்து, விளையாட்டும் புதுப்படமும் நீக்கிய சிறு தொகுப்பொன்றைத் தேர்ந்தெடுத்தனர். 200 ரூபாய்க்குள் அடங்கிற்று. மே 8-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் சிஸ்டைன் ஆலயப் புகைபோக்கியிலிருந்து வெண்புகை எழுந்து, திருத்தந்தை பதினான்காம் லியோ தெரிவுசெய்யப்பட்ட செய்தியை அம்மையார் கட்டிலில் இருந்தபடியே கண்டார். "புகை வந்ததும் மவனை எழுப்பிட்டேன் சாமி" என்று பின்னர் சொல்லிச் சிரித்தார்.

அன்பர்களே, கேபிளை நிறுத்துவது குற்றமென்று நாம் கூற வரவில்லை. அறைவீட்டுக்கு நாம் அதைத் திரும்ப வாங்கவில்லை. நமக்கு அது தேவையுமில்லை. ஆனால் மலிவு என்னும் கணக்கும் நிலையானதன்று. 2021 டிசம்பரில் ஒரே நாளில், நெட்ஃபிளிக்ஸ் தன் கைப்பேசிச் சந்தாவை மாதம் 199 ரூபாயிலிருந்து 149-ஆகக் குறைத்தது; அமேசான் பிரைம் தன் ஆண்டுச் சந்தாவை 999-இலிருந்து 1,499-ஆக உயர்த்தியது. 2023-இல் இணையத்தில் இலவசமாய்க் காட்டப்பட்ட ஐ.பி.எல். ஆட்டங்கள் 2025-இல் சந்தா கேட்டன. அதே ஆண்டு சூனில், பணம் கட்டிய பிரைம் நேயர்களுக்கும் இடையிடையே விளம்பரங்கள் வரலாயின. இரண்டு மூன்று தளங்களோடு கைப்பேசி ரீசார்ஜையும் கூட்டிப் பார்த்தால், பல வீடுகளில் பழைய கேபிள் கட்டணம் நாணித் தலைகுனியும். அதற்கும் மேலாக, எண்களில் அடங்காத செலவு ஒன்று உண்டு. அதை வீட்டில் மிகவும் பேசாதிருப்பவரே கட்டுகிறார்.

அடுத்த ஞாயிறு மறையுரையில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். யாரும் சிரிக்கவில்லை. பூசைக்குப் பின் இளைஞர் ஒருவர் வந்து, தாமும் கேபிளை நிறுத்தியதாகவும், தம் தாத்தாவிடம் அதுபற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்றும் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது முதல் வெள்ளிதோறும் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறோம். நோயாளரின் வீட்டில் நுழைந்ததும் நற்கருணைக்கு முன் ஒருகணம் சுற்றிப் பார்க்கிறோம். கட்டில் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, அங்கிருந்து கண்ணுக்கு எட்டுவது என்ன, கைக்கு எட்டுவது என்ன என்று. கடந்த நான்கு ஆண்டுகளில் எத்தனையோ முறை அந்த அம்மையாரின் கட்டிலருகே நின்றிருக்கிறோம். அவர் பார்க்கும் திசையில் ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததில்லை.