விமானம் கட்டும் ஊரின் பந்தாட்டம்

மியெலெட்ஸ், தென்கிழக்குப் போலந்து

அன்பு நண்பா,

வார்சாவைப் பற்றியோ க்ராகுவைப் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பாய். அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் இப்போது இருப்பது மியெலெட்ஸில். க்ராகுவில் ரயிலேறி, டெம்பிட்சாவில் இறங்கி, அங்கிருந்து கிளைப் பாதையில் வர வேண்டும். விஸ்வோகா ஆற்றங்கரையில் சுமார் 60 ஆயிரம் பேர், ஒரு விமான ஆலை, ஒரு கால்பந்து மைதானம். வேறு எதைப் பார்க்கவும் வெளியூர்க்காரர்கள் இங்கே வருவதாகத் தெரியவில்லை. நான் வந்தது மைதானத்துக்காக. 1973இல் இங்கிலாந்தை உலகக் கோப்பைக்கே போகவிடாமல் செய்த கோலைப் போட்டவரும் போடவைத்தவரும் இந்த ஊர் கிளப்பில் ஆடியவர்கள்.

கிளப்பின் பெயர் ஸ்டால் மியெலெட்ஸ். அதன் கதையை ஆலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1930களின் பின்பாதியில் போலந்து அரசு ஜெர்மன் எல்லையிலிருந்தும் சோவியத் எல்லையிலிருந்தும் தள்ளி, நாட்டின் உட்பகுதியில் புதிய ஆலைகளை வேகவேகமாக எழுப்பியது. பெரும்பாலும் ஏழை விவசாயப் பகுதிகள். வேலைக்கும் ஆலை, தற்காப்புக்கும் ஆலை என்பது கணக்கு. மியெலெட்ஸுக்கு வந்தது விமான ஆலை. அதன் தொழிலாளிகள் 1939 ஏப்ரலில் கிளப்பை ஆரம்பித்தார்கள். ஐந்தே மாதத்தில் போர் வந்துவிட்டது.

போர்க்காலத்தைத் தாண்டிக் குதித்துக் கோப்பைகளுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ஊரில் அப்போது ஏராளமான யூதக் குடும்பங்கள் இருந்தன. 1939 செப்டம்பரில், யூதப் புத்தாண்டை ஒட்டி, ஜெர்மானியர் தொழுகைக் கூடத்தை மனிதர்களோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். 1942 மார்ச் 9ஆம் தேதி மிச்சமிருந்தவர்களைச் சந்தைத் திடலில் கூட்டி, பலரைச் சுட்டுக் கொன்று, மற்றவர்களை ஊரைவிட்டே அப்புறப்படுத்தினார்கள். ஆலை ஹைன்கல் விமானங்களுக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதில் அடிமை வேலை செய்த யூதக் கைதிகளின் கையில் இரண்டு எழுத்துகளைப் பச்சை குத்தினார்கள். கிளப்பைப் பெற்ற அதே ஆலைதான் இதற்கும் இடமாக இருந்தது. வெற்றிகளின் பட்டியலைப் படிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

போருக்குப் பிறகு ஆலை பெருத்தது. சோவியத் உரிமத்தில் மிக்-15 போர் விமானங்கள், ஆயிரக்கணக்கில் அன்டோனோவ்-2, பிறகு போலந்தே வடிவமைத்த இஸ்க்ரா என்ற பயிற்சி ஜெட். 1970களின் நடுவில் இந்த இஸ்க்ராவை நம் இந்திய விமானப்படையும் வாங்கியது. நம் விமானிகள் பலர் ஜெட் ஓட்டப் பழகிய விமானம் இந்த ஊரில் செய்தது என்று இங்கே வந்த பிறகுதான் மனதில் பதிந்தது.

கம்யூனிச ஆட்சியில் ஒவ்வொரு கிளப்புக்கும் பின்னால் ஒரு தொழிலோ துறையோ இருந்தது. சுரங்கத்துக்கு கூர்னிக், ராணுவத்துக்கு லெகியா, உலோகத் தொழிலுக்கு ஸ்டால். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஆலையிலிருந்து வரும், வேலையோ மைதானத்தில். அரசுப் பணத்தில் வந்த வெற்றி என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பணமும் ஆலையும் இருந்த ஊர்கள் போலந்தில் பல. இங்கே பையன்களைச் சின்ன வயதிலேயே சேர்த்து, பொறுமையாக வளர்த்து, பல ஆண்டுகள் ஒன்றாக ஆடவிட்டார்கள். கிஷெகோஷ் லாட்டோ அப்படிப் பன்னிரண்டு வயது வாக்கில் வந்து சேர்ந்தவர். மெலிந்த உடம்பு, தலையில் கொஞ்சம் முடி. ஓட ஆரம்பித்தால் தடுப்பாட்டக்காரர்கள் முதுகைத்தான் பார்த்தார்கள். ஹென்றிக் காஸ்பெர்சாக் நடுக்களத்தில். 1973இல் ஸ்டால் லீக் சாம்பியன்.

அதே ஆண்டு அக்டோபர் 17, வெம்ப்ளி. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற இங்கிலாந்துக்கு வெற்றி தேவை, போலந்துக்கு டிரா போதும். போலந்தின் பதினொருவரில் மூவர் மியெலெட்ஸ்காரர்கள்: லாட்டோ, காஸ்பெர்சாக், யான் டொமார்ஸ்கி. முதல் பாதி முழுக்க இங்கிலாந்து முற்றுகை. கோல்கீப்பர் டொமாஷெவ்ஸ்கி கையாலும் காலாலும் உடம்பாலும் தடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில், கோட்டோரமாக நடுமைதானத்துக்குப் பக்கத்தில் இங்கிலாந்தின் நார்மன் ஹண்டருக்குப் பந்து தவறியது. லாட்டோ அதைப் பறித்தார், ஓடினார், நிதானமாகக் குறுக்கே தள்ளினார். ஓடிவந்த டொமார்ஸ்கி நிறுத்தாமல் தரையோடு அடித்தார். இங்கிலாந்து கோல்கீப்பர் ஷில்டன் விழுந்தும் பந்து அவருக்கு அடியில் நழுவி வலைக்குள் போனது. சற்று நேரத்தில் இங்கிலாந்து பெனால்டியில் சமன் செய்தது. அதற்கு மேல் முடியவில்லை. 1-1. அடுத்த கோடையில் மேற்கு ஜெர்மனியில் லாட்டோ 7 கோல் அடித்து அந்த உலகக் கோப்பையிலேயே அதிக கோல் போட்டவரானார். பிரேசிலை 1-0 என்று வென்று போலந்து மூன்றாமிடம் பிடித்ததும் அவர் கோலால்தான்.

1976இல் ஸ்டால் மறுபடி சாம்பியன். அதற்குச் சற்று முன் யூஃபா கோப்பையில் காலிறுதி வரை போய், ஹாம்பர்க்கில் 1-1 என்று நிறுத்திவிட்டு, இங்கே 0-1 என்று தோற்றது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ரியல் மாட்ரிட் இந்த ஊருக்கே வந்து 2-1 என்று வென்றுபோனது. சனிக்கிழமை ஆட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஆலையில் அலுமினியத் தகடு அடித்து ஓய்வுபெற்றவர், அந்த மாட்ரிட் ஆட்டத்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பல்லால் உடைத்து, தோலைக் காலடியில் துப்பிக்கொண்டிருந்தார். பந்து கோல் பக்கம் போனால் மட்டும் கை பாதியில் நின்றுவிடும். இங்கே எல்லார் காலடியிலும் கறுப்புத் தோல் குவிந்து கிடக்கிறது. எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார்.

அந்தக் காலத்தில் முப்பது வயதை நெருங்கும்வரை ஆட்டக்காரர்களை வெளிநாட்டு கிளப்புகளுக்கு விடமாட்டார்கள். லாட்டோ பெல்ஜியத்தின் லோகெரனுக்குப் போனது 1980இல், தன் முப்பதாவது வயதில். கிளப்புக்கு அது நன்மை. அந்த மனிதருக்கு இழப்பு. காலின் வேகம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் உலகின் எந்தப் பெரிய அணியும் அவரைக் கேட்டிருக்கும்.

1989இல் ஆட்சி மாறியது, சோவியத் ஆர்டர்கள் நின்றன. ஆலை தடுமாறியபோது அதன் தோளில் நின்ற கிளப்பும் சரிந்தது. 1996இல் முதல் பிரிவிலிருந்து இறங்கி, 1997இல் கடனில் மூழ்கியது. தேசிய லீகில் அதற்கு இடமே இல்லாமல் போனது. பிறகு அடிமட்டப் பிரிவுகளில், பக்கத்து ஊர் அணிகளோடு, மறுபடி முதலிலிருந்து. இந்தப் பகுதிதான் எனக்கு இரண்டு பட்டங்களையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. ஆலை சம்பளம் தராத காலத்திலும் வெள்ளை-நீலக் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். 24 ஆண்டுகள் கழித்து, 2020இல் அணி முதல் பிரிவுக்குத் திரும்பியது. ஐந்து பருவங்கள் தாக்குப்பிடித்து 2025இல் மறுபடி இறங்கியிருக்கிறது. பெரியவர் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. இதைவிடக் கீழே இருந்து பார்த்தவர் அவர்.

ஆலை இன்று அமெரிக்கர்களுடையது. பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இங்கே தயாராகின்றன. மைதானமும் புதிது, உட்காரும் இடம் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

நாளை காலை பஸ்ஸில் ஷெஷூஃப் போகிறேன். அங்கேயும் ஒரு ஸ்டால் உண்டு. 1975இல் போலந்துக் கோப்பையை வென்ற அணி. டொமார்ஸ்கி அந்த ஊர்க்காரர், முதலில் ஆடியதும் அங்கேதான். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்