கோடை மலையில் கற்ற அணிகள்

ஆங்கிலத் தாளில் எனக்குத் தீராப் பகை 'ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்' வினாவோடுதான். சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம் என்று உருப்போட்டுவிடலாம். சொந்தமாக எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால்தான் பேனா நின்றுவிடும். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அந்தக் குறை தீர்ந்தது. என் ஊர் கோடைக்கானல். அப்பா அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு இடங்களைக் காட்டும் வழிகாட்டி.

வத்தலக்குண்டிலிருந்து பேருந்து மலையேறும்போதே பாடம் தொடங்கிவிட்டது. 180 அடி அருவிக்குப் பெயர் 'சில்வர் காஸ்கேட்'. தண்ணீரை வெள்ளியாக்கியது உருவகமன்றி வேறென்ன? தூண்பாறை உவமைத்தொகை. கோக்கர்ஸ் வாக்கில் அணி ஏதுமில்லை. 1872-இல் அந்த நடைபாதையை அமைத்த லெப்டினன்ட் கோக்கரின் பெயர், அவ்வளவே.

வட்டக்கானலுக்கு அப்பால் பள்ளத்தாக்கின்மேல் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது 'டால்பின்ஸ் நோஸ்' பாறை. இருபது ஆண்டுகளாக அதைக் காட்டிவரும் அப்பாவிடம், "டால்பின் எப்படியப்பா இருக்கும்?" என்றேன்.

"நான் எங்கே கடலைக் கண்டேன்? இந்தப் பாறை மாதிரிதான் இருக்கும்" என்றார்.

உவமானமும் உவமேயமும் இடம் மாறிவிட்டன! தண்டியலங்காரம் இதைத்தான் விபரீத உவமை என்கிறது.

அடுத்தது 'கிரீன் வேலி வியூ'. வைகை அணைப் பக்கம் பார்த்த அந்தச் செங்குத்துப் பள்ளத்துக்கு முன்னாளில் 'சூசைட் பாயிண்ட்' என்று பெயர். கொடியதை நல்ல சொல்லால் மூடுவதை ஆங்கிலத்தில் யூஃபமிசம் என்பார்கள். நன்னூலார் மங்கலம் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. "பெயரை மாற்றினால் பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடுமா?" என்று அப்பாவோடு வாதாடினேன். அவர் சிரித்துக்கொண்டார்.

அன்று மாலை ஏரிக்கரையில் ஓர் இளைஞர் தனியாக வந்தார். கையில் பையில்லை, அந்தக் குளிரில் ஸ்வெட்டரும் இல்லை. "சூசைட் பாயிண்டுக்கு எப்படிப் போகணும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்படியோர் இடம் இங்கே இல்லையே, தம்பி" என்றார் அப்பா. "வாங்க, முதலில் ஒரு டீ குடிப்போம்."

டீக்கடைப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் ஊர், அம்மா, படிப்பு என்று பேச்சு போயிற்று. பாதியில் அவர் அழுதார். இருட்டிய பிறகு அவருடைய வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மதுரைப் பேருந்தில் அப்பாவும் அவரோடு ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அப்பா வீடு திரும்பியதும் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். யூஃபமிசத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.